பாட்டை எடுக்கப் பாரம் கூடிய இறுவட்டு

சித்தி நபீஸா என்ற பெயருடைய என் தங்கை வென்றவை இவை. ஒன்பது வயதில் வந்த நெருப்புக் காய்ச்சல். இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், பிழைக்கமாட்டாள் என்று இரண்டு பேர் சொன்னார்கள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம். மூன்றாம் தடவை, திறமைச் சித்தி. பத்தொன்பது பையன்களுக்கு நடுவில் ஒரேயொரு பெண்ணாக இருந்து படித்த கொம்பியூட்டர் வகுப்பு, முதலாமிடம். "படம் வெட்டுற கடைக்குப் போற பொண்டாட்டியோட நான் இருக்கமாட்டன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அவளுடைய மாப்பிள்ளை, எட்டாம் நாள் அதே பெட்டியோடு திரும்பி வந்தது. அது அவளுடைய சீதன வீடு, படுக்க இடமில்லாமல் போனது அவருக்குத்தான். அவள் வேலைக்குப் போவது சரியில்லை என்று பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு ஊர்க்காரர் அசனார் கொண்டுபோன முறைப்பாடு, தள்ளிவிட்டார்கள். கடைசியாக, நளீரின் கடையில் ஒரு இறுவட்டு, அதாவது டிவிடி.

முதல் ஐந்தையும் ஊர் அறியும். கடைசி விசயத்தை, தானே சரிசெய்ததாக நளீர் சொல்லித் திரிகிறான். அவன் அந்த இறுவட்டில் ஒரு நிமிடமும் பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது. நடந்ததை நாளோடும் அளவோடும் எழுதிவைக்கிறேன்.

காத்தான்குடியில் ஆற்றங்கரைக்குப் போகும் ஒழுங்கையொன்றில் நளீருக்கு வீடியோக் கடை. கலியாண வீடுகளில் ஆண்கள் பக்கத்தை அவன் எடுப்பான். பெண்கள் பக்கத்துக்கு அவனுடைய மதினி போவாள். எடுப்பது பெண்ணாக இருந்தால் மட்டும் போதாது, அதை வெட்டி ஒட்டி இறுவட்டில் எழுதுவதும் பெண்ணாக இருக்க வேண்டும் என்று வீடுகளில் கேட்கத் தொடங்கினார்கள். அதற்காகத்தான் 2012இல் நபீஸாவை வேலைக்கு எடுத்தான். கடைக்குப் பின்னால் ஒரு அறை. அதற்கு ஒழுங்கைப் பக்கம் தனிக் கதவு, கதவுக்கு உள்ளே தடித்த சீலை. அந்தக் கதவைப் போடவைக்க நபீஸா அவனோடு நான்கு மாதம் மல்லுக்கட்டினாள். நான் அரிசி ஆலையில் நெல் நிறுக்கிறவன். அவளைக் கூட்டிவரப் போனால் அந்தக் கதவுப் படியில் இருப்பேன். சீலைக்கு அந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை.

பெண்கள் பக்க இறுவட்டுக்கு எல்லா வீடுகளிலும் இரண்டு சட்டம். ஒன்று கொடுத்தால் ஒன்றுதான் திரும்பி வர வேண்டும். இரண்டாவது ஒன்று இருந்தால் அது பிரதி. பிரதி எந்த வீட்டுக்குப் போகும் என்று யார் சொல்ல முடியும்? மற்றச் சட்டம், புதிதாக எழுதினால் பழையதை வீட்டுக்காரியின் கண்முன்னே உடைக்க வேண்டும். தலை மூடாமல் தங்களுக்குள் சிரித்துக்கொண்டிருந்த பெண்களின் முகங்கள் அவை. நம்பி ஒப்படைத்த அமானிதம்.

2018 பெப்ரவரி 19, திங்கட்கிழமை, ஏறாவூரிலிருந்து ஆமினா உம்மா வந்தார். ஒழுங்கை முனையில் முச்சக்கர வண்டியை விட்டு இறங்கும்போதே அவருடைய குரல் எனக்குக் கேட்டது.

"இது என்ட மூத்தவள்ட கலியாணம், மகள். ரெண்டாயிரத்து ஆறு. எடுத்தவன் முழுக்க சினிமாப் பாட்டுப் போட்டு வெச்சிருக்கான். நான் ஹஜ்ஜுக்குப் போய் வந்திட்டன். இந்தப் பாட்டோட இது என்ட ஊட்டுல இருக்கப்படாது."

"பாட்ட மட்டும் எடுக்கவா, உம்மா? கதைக்கிற சத்தம் இருக்கட்டுமா?" என்று நபீஸா கேட்டாள்.

"அதுவும் வேணாம். அண்டைக்கு அவளுகள் கதைச்சதக் கேட்டா இண்டைக்கு ரெண்டு குடும்பம் அடிபடும். சத்தமே வேணாம். ஆனா ஒரு முகம் குறையப்படாது. நூத்திப் பதினேழு பொம்புளயள். நான் ஆளாளா எண்ணிப் பாப்பன்."

மகள் வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறாள், வியாழன் பின்னேரம் அஸர் தொழுகையோடு இறுவட்டு கையில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் நபீஸா வேலையை முடித்துவிட்டாள். ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடப் படம். படத்தில் கைவைக்கவில்லை, சத்தத்தை முழுவதும் அடக்கி, திரும்ப இறுவட்டுக்குரிய விதத்தில் கட்டினாள். பழைய இறுவட்டு 4.31 ஜிபி. வெற்று இறுவட்டின் உறையில் 4.7 என்று போட்டிருப்பார்கள். கொம்பியூட்டர் எண்ணுகிற விதத்தில் அது 4.37 மட்டுமே. பழையது அதற்குள் அடங்கியது. அவள் கட்டிய புதியது 5.42.

ஒரு துண்டும் கூட்டவில்லை. பாட்டை எடுத்தாள். குறைய வேண்டியது ஒரு ஜிபிக்கு மேல் கூடி நின்றது.

நளீர் இதை அறிந்ததும் முன்பக்கக் கடையில் நின்ற ஆட்களுக்கும் கேட்கும்படி பலகைச் சுவரைத் தட்டினான்.

"என்ன நபீஸா, சோறுதான் பொங்கும் எண்டு நெனச்சன். உன்ட கையில டிவிடியும் பொங்குதே!"

முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பொங்கட்டும், முதலாளி. இறக்கி வைக்கத் தெரியும்."

"ரெண்டு டிவிடியில எழுதிக் குடுத்து ஆள அனுப்பு."

"ஒண்டு தந்தவவுக்கு ரெண்டு குடுத்தா, மூண்டாவது ஆர்ட கையில எண்டு கேப்பா."

"அப்ப சாப்பாட்டுப் பகுதிய வெட்டு. தின்னுறத ஆரு பாக்கிற?"

"சாப்பாட்டுல மட்டும் முப்பத்தொரு பேர் இருக்காங்க. வேற இடத்துல அவங்க இல்ல."

"எண்ணியே வெச்சிருக்காய்!"

"அவ எண்ணுவா. நான் எண்ணாம இருக்கேலுமா?"

சிரிப்பு இப்போது அவன் பக்கம் திரும்பியது. அதை அவன் தாங்கமாட்டான். "சரி. வியாழன் மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்லும்வரைக்கும் நேரம். ஏலாட்டி நான் வந்து மெஷினில இருப்பன். அஞ்சு நிமிஷ வேல" என்றான்.

"நீங்க இருந்தா நான் அந்த உம்மாட முகத்துல எப்பிடி முழிக்கிற?"

"அது உன்ட பாடு. கடை என்ட, மெஷின் என்ட."

கடைக்கும் அறைக்கும் நடுவிலுள்ள கதவின் திறப்பு அவனிடம்தான் இருந்தது. தான் சொன்னதைச் செய்வான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவனுக்கு அந்தப் பெண்களைப் பார்க்கும் ஆசை இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அதைவிடக் கேவலம்: அவள் தோற்பதைப் பார்க்க அவன் ஆசைப்பட்டான், அதற்கு நூற்றுப் பதினேழு முகங்கள் செலவாவது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

புதன்கிழமை நான் ஆலைக்குப் போகவில்லை. படியில் கொப்பியோடு இருந்தேன். அவள் உள்ளேயிருந்து அளவுகளைச் சொல்ல, நான் எழுதினேன்.

முதலில் அவள் சந்தேகப்பட்டது தொடக்கப் பக்கத்தை. இறுவட்டைப் போட்டதும் மணமகளின் பெயர் அசைந்து வரும் பக்கம் அது. அதை எடுத்துப் பார்த்தாள். 5.38. திரும்ப வைத்தாள். அடுத்து, முந்திய வேலைகளின் மிச்சம் ஏதும் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் இடத்தில் புதிதாகக் கட்டினாள். 5.42. மூன்றாவதாக, படத்தை நெருக்கிச் சிறிதாக்கும் செயலியைப் போட்டாள். இரண்டு மணித்தியாலம் ஓடியது. 4.36.

"அடங்கிட்டு!" என்றேன்.

"பொறுங்க காக்கா, பாக்கிறன்." அண்ணனான என்னை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "முன்னுக்கு இருக்கிறவங்க சரி. பின் வரிசை சதுரஞ் சதுரமாப் போச்சு."

"எத்தின பேர்?"

"இருபத்திரெண்டு."

பலகைக்கு அந்தப் பக்கம் நளீர் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். "பின் வரிசைய ஆருடி பாக்கப்போறா?"

"பின் வரிசையில இருக்கிறவ பாப்பா" என்றாள் நபீஸா. அந்த 4.36ஐ அழித்தாள்.

பின்னேரம் நளீர் ஒழுங்கையால் சுற்றி வந்து என் முன்னால் நின்றான்.

"நெல்லு நிறுக்கிறவனும் டிவிடி நிறுக்க வந்திட்டானா?"

"நிறை நிறைதானே, நளீர்."

"நாளைக்குத் தங்கச்சியையும் கூட்டிட்டுப் போ, பஸ்லான். ஆலையில சாக்கு வாய் தைக்க ஆள் வேணுமாம்."

அவன் சொன்னதை நேரத்தோடு கொப்பியில் எழுதினேன். நாலு பத்து. எழுதுவதைப் பார்த்ததும் போய்விட்டான்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கே அவள் அறைக்குள் போனாள். வரும் வழியில் என்னிடம் ஒன்று சொன்னாள்: இரண்டு நாளாக மூட்டையை மூட்டையாகவே நிறுத்துக்கொண்டிருக்கிறேன், அதற்குள் இருப்பதைத் தனித்தனியாக நிறுக்கவில்லை. இறுவட்டில் படமும் சத்தமும் ஒன்றோடொன்று பின்னித்தான் இருக்கும். இரண்டையும் பிரித்தெடுக்க ஒரு செயலி உண்டு. முதலில் பழையதைப் பிரித்தாள்.

"எழுதுங்க காக்கா. பழசு. படம் நாலு தசம் ஒண்டு அஞ்சு. சத்தம் பூச்சியம் தசம் ஒண்டு ஆறு."

எழுதினேன். கூட்டினால் 4.31. சரி.

"புதுசு. படம் நாலு தசம் ஒண்டு அஞ்சு." ஒரு நெல்மணியளவும் கூடவில்லை. "சத்தம்..." நிறுத்தினாள். "சத்தம் ஒண்டு தசம் ரெண்டு ஏழு."

"பிழையா வாசிக்கிறாய். சத்தம்தான் இல்லையே?"

"அந்த இல்லாத சத்தம்தான் காக்கா! அதுதான் இவ்வளவு பாரம்!"

உள்ளே அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. மூன்று நாளில் முதல் சிரிப்பு.

அவள் எனக்கு விளக்கியது இப்படி. பழைய இறுவட்டில் பாட்டை நன்றாக நெருக்கி மடித்து வைத்திருந்தார்கள். அவள் பாட்டை அடக்கியபோது, செயலி அந்த வெறுமையை மடிக்காமல் விரித்தபடியே எழுதியிருக்கிறது. உள்ளே பாட்டு இருக்கிறதா ஒன்றுமில்லையா என்று அது பார்க்காது. ஒவ்வொரு வினாடிக்கும் முழு இடத்தை ஒதுக்கிக்கொண்டே போகும். ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிட மௌனம், ஒரு ஜிபிக்கு மேல். சத்தத்துக்கான தடத்தை அடியோடு எடுத்துவிடலாமே என்று கேட்டேன். எடுத்தால் பழைய பிளேயர்கள் சிலவற்றில் இறுவட்டு ஓடாமல் நிற்கும் என்றாள். ஆகவே மௌனத்தை, பழைய பாட்டை மடித்த அதே அளவுக்கு மடித்தாள். செயலியின் தெரிவுகளில் ஒரேயொரு இடத்தை மாற்றினால் போதும், நளீர் சொன்ன அஞ்சு நிமிடம்கூட ஆகவில்லை. எந்த இடம் என்று கண்டுபிடிக்கத்தான் மூன்று நாள். திரும்பக் கட்ட மூன்று மணித்தியாலம். 4.31.

பன்னிரண்டு இருபதுக்குப் பாங்கு சொன்னது. பாங்கு முடியுமுன் நடுக்கதவில் திறப்புப் போடும் சத்தம். நான் எழும்பி நின்றேன். சீலையைத் தூக்கவில்லை.

"நேரம் ஆச்சு. எழும்பு" என்றான் நளீர். "என்ன, திரையை அணைச்சு வெச்சிருக்காய்?"

"நீங்க வந்தா அணைக்கத்தானே வேணும். எழுதிக்கிட்டிருக்கு. இன்னும் பதினொரு நிமிஷம்."

"அஞ்சு ஜிபியயா எழுதுறாய்?"

"நாலு தசம் மூண்டு ஒண்டு."

"பொய். என்னத்த வெட்டினாய்?"

"ஒண்டும் வெட்டல்ல. சத்தத்தக் குறைச்சன்."

"அதுலதான் சத்தமே இல்லையே!"

"இருந்திச்சு. நீங்க போட்ட சத்தத்துல ஆருக்கும் கேக்கல்ல."

நான் வெளியிலிருந்து, "நளீர், தொழுகைக்கு நேரமாகுது" என்றேன். அவன் போனான். கதவை அடித்துச் சாத்தினான். பதினொரு நிமிடத்தில் இறுவட்டு வெளியே வந்தது.

அஸர் தொழுதுவிட்டு ஆமினா உம்மா வந்தார். உள்ளே நபீஸாவோடு இருந்து விரைவாக ஓட்டிப் பார்த்தார். எண்ணும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. முன் வரிசை, சாப்பாடு, மருதோன்றி, பின் வரிசை. நூற்றுப் பதினைந்து, பதினாறு, பதினேழு. பிறகு ஒரு கூச்சல்.

"நிப்பாட்டு! நிப்பாட்டு மகள்! மூலையில நிக்கிற இவள் ஆரு? இவளுக்கு நான் சொல்லவேயில்லயே! சொல்லாம வந்து திண்டிருக்காள்! பன்னிரண்டு வருசம் கழிச்சுப் பிடிச்சனா இல்லயா?"

"அப்ப நூத்திப் பதினெட்டு, உம்மா" என்றாள் நபீஸா.

பழைய இறுவட்டை ஆமினா உம்மாவே இரண்டாக, நாலாக உடைத்துக் கைப்பையில் போட்டார். கொம்பியூட்டரில் இருந்ததை நபீஸா அவர் பார்க்க அழித்தாள்.

பெண்கள் பக்க இறுவட்டோடு கடை ஒரு தாளும் கொடுப்பது வழக்கம். ஆண் எவரும் பார்க்கவில்லை, பிரதி ஏதும் வைக்கவில்லை என்று அதில் அச்சடித்திருக்கும். கீழே நளீர் கையெழுத்து வைப்பான். அன்றைக்கும் பேனையோடு தயாராக நின்றான். ஆமினா உம்மா கடையின் முன்பக்கத்துக்கு வந்து தாளில் கையை வைத்து மறைத்தார்.

"நீ இதப் பாத்தியா?"

"என்ன உம்மா கேக்கிறீங்க? நான் பாக்கலாமா?"

"பாக்காதவன், ஒருத்தரும் பாக்கல்ல எண்டு எப்பிடிச் சொல்லுவாய்? பாத்திருந்தா அது இன்னும் மோசம். பாத்தவள் வைக்கட்டும்."

"கடை என்ட, உம்மா. கடைப் பேருலதான் தாள்."

"கடை உன்ட. முகம் எங்கட. அவள் வைக்காத தாள் எனக்கு வேணாம். ஏன் வேணாம் எண்டு ஏறாவூர் முழுக்கச் சொல்லுவன்."

கடையில் நாலு பேர் நின்றார்கள். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. நளீர் பேனையை மேசையில் எறிந்தான். அது உருண்டு நிலத்தில் விழுந்தது. அவன் குனியவில்லை. நபீஸா குனிந்து எடுத்து, நளீரின் பெயர் அச்சடித்திருந்த இடத்தை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, அதன் மேலே தன் முழுப்பெயரைச் சுருக்காமல் எழுதினாள். அன்றிலிருந்து அந்தக் கடையில் பெண்கள் பக்கத் தாள் எதிலும் வேறு பெயர் இல்லை.

தான் செய்த வேலைக்குக் கீழே சித்தி நபீஸா முதன்முதலாகக் கையெழுத்து வைத்த நாள்: 2018 பெப்ரவரி 22, வியாழக்கிழமை.