கிரைண்டர் கல்லில் வெட்டிய நம்பர்

மாமல்லபுரத்தில் எங்கள் மொபைல் ஷோரூமில் புதிதாகச் சேர்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிளான் விவரங்களை டிரெய்னிங்கிலேயே சொல்லிவிடுவார்கள். இது அதில் வராது.

1. டாப்-அப்

சலீம் பாய் ஓட்டல்களுக்குக் கிரைண்டர் கல் செய்பவர். ஒரு நாள் காலை மனைவியோடு கவுன்ட்டருக்கு வந்து போனை நீட்டினார்.

"நாலு மாசமா ஒரு கால் வர்ல மேடம். ஓட்டல்காரங்க வேற ஆளப் பாத்துக்கினாங்கன்னு நெனச்சேன். இன்னிக்கு கருங்குழி ஓட்டல்காரரு நேர்லயே வந்து நிக்கிறாரு. போனே போவலையாம்."

"ரிங் அடிச்சாதான் இவரு போனையே பாப்பாரு," என்றார் அவர் மனைவி மும்தாஜ் அக்கா.

சிஸ்டத்தில் பார்த்தேன். நம்பர் துண்டிக்கப்பட்டிருந்தது. திரும்பக் கேட்க அன்றுதான் கடைசி நாள். மறுநாள் அது வேறு யாருக்கு வேண்டுமானாலும் போய்விடும்.

"நான் யாருக்கும் போன் போடறதே இல்லியே. அம்பது ரூபா ஏத்தினேனே, அது அப்டியே கீதுல்ல?" என்றார் பாய்.

இல்லை. டாப்-அப் என்பது பேசுவதற்கான பணம். அது வேலிடிட்டி தராது. வேலிடிட்டி முடிந்தால் இன்கமிங் நின்றுவிடும். பிறகு நம்பரைத் தக்கவைக்க மட்டும் மாதாமாதம் ஒரு தொகை கழியும். பேலன்ஸ் தீர்ந்ததும் நம்பரும் போகும். அந்த ஐம்பது ரூபாயை ஏற்றியவர் பெயர் ரெக்கார்டில் இருந்தது. என் பெயர். கேட்ட தொகையை ஏற்றினேன், எதற்கு என்று கேட்கவில்லை.

2. பத்து விரல்

"புது நம்பர் குடுத்து அனுப்பும்மா," என்றார் மேனேஜர். "ஒரு நம்பருக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு?"

"புது நம்பர எங்க சார் எழுதறது? இவரு பழச கல்லுல வெட்டி வெச்சிக்கீறாரு. வெளிய வண்டில கீது, வந்து பாருங்க," என்றார் மும்தாஜ் அக்கா.

கருங்குழிக்காரரின் லோடு வண்டியில் கல் இருந்தது. கிரைண்டர் கல் தேய்ந்துவிட்டால் மாவு சரியாக அரைபடாது, மறுபடி உளியால் கொத்த வேண்டும். அப்போது கூப்பிடுவதற்காக, விற்ற ஒவ்வொரு கல்லின் வெளிப்பக்கத்திலும் பாய் தன் நம்பரை வெட்டியிருந்தார். உள்பக்கம் கண்ணாடிபோல் தேய்ந்திருந்தது. நம்பரில் ஓர் இலக்கம்கூட மழுங்கவில்லை.

"இது மாதிரி எத்தனை பாய்?"

"யாரு எண்ணினா? கூடுவாஞ்சேரிலருந்து மதுராந்தகம் வரைக்கும் கீது. இந்தப் பக்கம் கடலோரம் பூரா கீது."

நான் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங் படித்தவள். ஒரு நம்பரை ஒருவர் இவ்வளவு நம்பி அதுவரை பார்த்ததில்லை. இலக்கங்களின் மேல் விரலை ஓட்டியபடி நின்றுவிட்டேன். மேனேஜர் உள்ளே போய் ஃபார்மை எடுத்தார்.

ஆளை உறுதிசெய்யும் கைரேகை மெஷின் பாயின் பத்து விரலையும் ஏற்க மறுத்தது. கல் கொத்தியே ரேகையெல்லாம் தேய்ந்திருந்தன.

"கைரேகை ஜோசியக்காரன் இவரப் பாத்தா கடைய மூடிட்டுப் போயிடுவான்," என்றார் மும்தாஜ் அக்கா.

மிச்சமிருந்தது போட்டோ வழி. அதற்கு ஒரிஜினல் அடையாள அட்டை, லைவ் போட்டோ, மேனேஜர் அப்ரூவல் வேண்டும். முதல் இரண்டு போட்டோவும் ரிஜெக்ட்.

"சிரிக்காதீங்க பாய்."

"சிரிக்கல மேடம், பயம்."

மூன்றாவது போட்டோவை சிஸ்டம் ஏற்றுக்கொண்டது. வேலிடிட்டி உள்ள பிளானைப் போட்டேன். மாலையில் சிக்னல் வந்தது. வெளியே அதுவரை காத்திருந்த கருங்குழிக்காரர் கல்லைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்து டயல் செய்தார். பாய் கையில் ரிங் அடித்தது. எதிரிலேயே நின்றவரிடம், "அலோ, சொல்லுங்க," என்றார் பாய்.

3. இப்போது கேட்பவை

பேசுவதற்கா, வரும் போனுக்கா என்று முதலில் கேட்பேன். வேலிடிட்டி முடியும் தேதியைத் தமிழில் எழுதிக் கொடுப்பேன். பிறகு, "இந்த நம்பரை எங்கெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்க?" என்று கேட்பேன்.

படகின் பக்கத்தில், ஆட்டோவின் முதுகில் என்பார்கள். சென்ற மாதம் ஓர் அம்மா, பேச்சு வராத தன் மகனின் சட்டைக் காலருக்கு உள்ளே தைத்திருப்பதாகச் சொன்னார். அவருக்குத் தேதியை இரண்டு சீட்டுகளில் எழுதிக் கொடுத்தேன். அதே தேதி எழுதிய மூன்றாவது சீட்டு என் மேஜையில் ஒட்டியிருக்கிறது.