சிறையிலிருந்தோர்க்கு ஓர் அர்ச்சனை

அம்பலத்தில் ஆடும் பெருமானின் திருவடி முன்னிற்க.

இன்று கார்த்திகைச் சோமவாரம். ஆண்டிமடத்துச் சிவன் கோயிலில் இளங்குருக்கள் ஒருவர், "கோத்திரம், நட்சத்திரம் சொல்லுங்க" என்றதும் என் எட்டாம் வயது எதிரே வந்து நின்றது.

அரியலூரில் கல்லூரி ஆசிரியராயிருந்த என் தந்தையார், ஆப்பிரிக்கப் பேராசிரியர் ஒருவரையும் என்னையும் அன்று இதே சந்நிதிக்கு அழைத்து வந்தார். விருந்தினர் பொதுவுடைமையாளர், தம் நாட்டில் கருத்துச் சொன்னதற்காகச் சிறைப்பட்டோரை விடுவிக்கக் கோரி ஊர் ஊராய்ப் பேசி வந்தவர்.

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் அக்காலத்துக் குருக்கள்.

தந்தையார் ஆங்கிலத்தில் கேட்டுச் சொல்ல, பேராசிரியர் சிறையிலிருந்த தம் மாணவர் பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். அவை முடிவதாயில்லை. அர்ச்சனை முடிந்தால் கிடைக்கவிருந்த சர்க்கரைப் பொங்கலின் நெய்மணம் என்னை வதைத்துக்கொண்டிருந்தது.

"இவங்க கோத்திரம்?"

"தெரியாதாம் சாமி."

"அப்ப அத்தனை பேருக்கும் சிவகோத்திரம்னு சொல்லிடறேன். முடிஞ்சுதா சார்?"

"இன்னும் ஒருத்தர் இருக்காராம். அவங்க நாட்டு அதிபர்."

"ஜெயில்ல போட்டவருக்கா அர்ச்சனை?"

பேராசிரியர் சிரித்தபடி சொன்னதைத் தந்தையார் தமிழாக்கினார்: "சாவி அவர்கிட்டதான இருக்குன்றாரு."

குருக்கள் சற்று யோசித்து, அதிபருக்கு மட்டும் இருமுறை அர்ச்சித்தார்.

மறு ஆண்டு, மாணவர்கள் விடுதலையான செய்தியைப் பேராசிரியர் எழுதியனுப்பினார். உலகெங்கும் எழுந்த கண்டனமே காரணமாம். தந்தையார் அதைச் சொன்னபோது குருக்கள் ஒப்பவில்லை.

"கண்டனம் யாரு வேணா பண்ணலாம் சார். அந்த ஆளுக்கு ரெண்டு தடவ அர்ச்சனை யாரு பண்ணா?"

வாசிப்போர் யாவரும் அச்சமின்றி வாழ ஈசன் அருள்க.