நாற்பது வீடு, நடுவே ஒரு சுவர்

போன ஞாயிற்றுக்கிழமை டாலஸ் ஏர்போர்ட்டில் நானும் என் மனைவி வசந்தாவும் ஒரு வீல்சேரோடு காத்திருந்தோம். எங்கள் எதிர்வீட்டு எல்ஸா ஜெர்மனியிலிருந்து திரும்புகிறார். வயது அறுபத்து நாலு. இந்த 1987 ஜனவரியில் ஐஸில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் ஆனவர்.

கதவு திறந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடந்தே வந்தார். வீல்சேரைப் பார்த்தார். தன் கைப்பையை அதில் வைத்தார். “தள்ளுங்கள்” என்றார்.

இப்படிப்பட்டவரை என்ன செய்வது?

அவர் ஏன் இந்த நிலைமையில் போய்வந்தார் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அவருடைய ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தங்கை இன்னும் அங்கே குடியிருக்க வேண்டுமே...

மொத்தம் நாற்பது வீடு. இரண்டு பக்கமும் மலைச்சரிவு, உருளைக்கிழங்கு வயல், மேலே பைன் காடு. நடுவில் ஓர் ஓடை. ஓடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள் — பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே தாண்டில் தாண்டிவிடலாமாம். ராஜாக்கள் காலத்தில் வடகரை ஒரு பிரபுவுக்கு, தென்கரை இன்னொருவருக்கு. வரிதான் வேறு வேறு. பள்ளிக்கூடம் வடகரையில், பீர் கடை தென்கரையில். காலையில் பிள்ளைகள் வடக்கே போவார்கள், சாயங்காலம் அப்பாக்கள் தெற்கே போவார்கள். யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை.

யுத்தம் முடிந்தது. வடக்கே ரஷ்யர்கள், தெற்கே அமெரிக்கர்கள். முதலில் ஓடையோரம் கம்பம் நட்டார்கள். பிறகு முள்வேலி. பிறகு பலகை. கடைசியில் ஆள் உயரத்துக்கு மேல் கான்கிரீட் சுவர். சுவர் என்றால் பெர்லினில் மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள்?

எல்ஸா தென்கரையில் இருந்த ஓர் அமெரிக்க சிப்பாயைக் கல்யாணம் செய்துகொண்டு டெக்ஸஸ் வந்துவிட்டார். கணவர் காலமாகி எட்டு வருஷம். தங்கை மார்த்தா வாழ்க்கைப்பட்டது வடகரையில், ஓடையை ஒட்டின வீட்டில். முப்பத்தைந்து வருஷமாக இருவருக்கும் நடுவே கடிதம்தான்.

ஒரு தடவை எல்ஸா ஊருக்குப் போய்த் தென்சரிவில் நின்றிருக்கிறார். கீழே, சுவருக்கு அந்தப் பக்கம், மார்த்தா பால் கேனோடு நடந்து போனார். தலையைத் திருப்பவில்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் கையசைத்தால் குற்றம்.

வடகரை இருக்கும் கிழக்கு ஜெர்மனியில் பெண்களுக்கு அறுபது வயதில் பென்ஷன். பென்ஷன்காரர்கள் மேற்கே சொந்தக்காரர்களைப் பார்த்துவர வருஷாவருஷம் அனுமதி கேட்கலாம். இந்த வருஷம் மார்த்தாவுக்கு அறுபது ஆனது. கேட்டார். கிடைத்தது — மே மாதத்தில் பத்து நாள், தென்கரையில் இருக்கும் சித்தப்பா மகள் வீட்டுக்கு. கணவருக்குக் கிடையாது.

கடிதம் வந்தபோது எல்ஸா வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே தவித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஆபரேஷன் பண்ணிய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் சிநேகிதர். எல்ஸா வசந்தாவையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனார். பயணம் என்றதுமே டாக்டர் கூடாது என்று தலையாட்டிவிட்டார். வசந்தாவிடம் தமிழில் சொன்னார்: “அக்கா, நீங்கள்தான் அவவுக்கு விளங்கப்படுத்த வேணும். அவ்வளவு நேரம் பிளேனில இருந்தா காலில ரத்தம் கட்டிப்போடும். அங்க போய் விழுந்தா என்ன செய்யிறது?”

எல்ஸாவுக்குத் தமிழ் தெரியாது. முகம் தெரியுமே. நான் என்னவெல்லாம் செய்து காட்டினால் சரி என்பீர்கள் என்று கேட்டார். வாக்கர் இல்லாமல் அரை மைல் நடக்க வேண்டும், இரண்டு மாடி ஏறி இறங்க வேண்டும் என்றார் டாக்டர். பேச்சை முடித்துவிட்டதாக அவர் நினைப்பு.

மறுநாள் காலை ஆறரை மணிக்கே எல்ஸா தெருவில் நின்றார். துணைக்கு வசந்தா. நாலாவது நாள் வசந்தா திரும்பி வந்து, “இன்னிக்கு சர்ச் வரைக்கும் போயிட்டோம்” என்றாள். எங்கள் தெருவில் ஏது சர்ச்? விசாரித்தால், எல்ஸா தன் ஊரையே டாலஸை ஒட்டின எங்கள் ரிச்சர்ட்சனில் பரப்பி வைத்திருக்கிறார்! மூன்றாவது வீட்டு மெயில்பாக்ஸ் பேக்கரி. தீயணைப்புக் குழாய் சர்ச். முனையில் இருக்கும் ஸ்டாப் சைன் மாவு மில். எங்கள் பெண் ஜன்னலில் நின்றுகொண்டு, “ஷீ ஈஸ் அட் த பேக்கரி!” என்று ரிப்போர்ட் கொடுப்பாள்.

ஊர் மேடு, ரிச்சர்ட்சன் தட்டை. அதற்காக சனிக்கிழமைகளில் என் ஆபீஸ் பார்க்கிங் கராஜ் சரிவில் ஏற்றிப் பழக்கினோம்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் வலி தாங்காமல் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். கண்ணீர். போதும், வீட்டுக்குப் போகலாம் என்று கெஞ்சியிருக்கிறாள் வசந்தா. அப்போதுதான் எல்ஸா விஷயத்தைச் சொன்னார். சுவர் எழுப்பியபோது மார்த்தா வீட்டு முன்வாசலை அடைத்துவிட்டார்கள். போக்குவரத்து எல்லாம் கொல்லைப்புறமாக. இருபது வருஷமாகத் தன் வீட்டின் முகத்தை அவர் பார்த்ததில்லை. தென்சரிவில் ஏறினால் தெரியும். “அவளை நான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வேறு யாரும் இல்லை, நான்” என்றாராம்.

பிறகு எழுந்து மாவு மில் வரை நடந்தார்.

ஏப்ரல் கடைசியில் ஆஸ்பத்திரி மாடிப்படியில் பரீட்சை. ஏறினார், இறங்கினார். டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்தார். பிறகு வசந்தாவிடம், “போகட்டும் அக்கா. மருந்து எழுதித் தாறன். பிளேனில அடிக்கடி எழும்பி நடக்கச் சொல்லுங்கோ” என்றார். சீட்டில் எழுதியபடியே, “நானும் அம்மாவைப் பார்த்து நாலு வருஷமாப் போச்சு” என்றார்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அவரால் யாழ்ப்பாணம் போக முடியவில்லை.

மீதியை எல்ஸா ஃப்ரீவேயில் காரில் வரும்போது சொன்னார். மார்த்தா விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி, ஒரு பஸ், இரண்டு ரயில், மறுபடி ஒரு பஸ் பிடித்து, பொழுது சாயும் நேரத்தில் தென்கரையில் வந்து இறங்கினாராம். கூப்பிட்டால் கேட்கும் தூரம் அது!

மூன்றாம் நாள் மத்தியானம் அக்காவும் தங்கையும் கைகோர்த்துக்கொண்டு சரிவில் ஏறினார்கள். மார்த்தா தன் வீட்டை வெகுநேரம் பார்த்தார். “கூரையில் மூணு ஓடு போயிருக்கு. அந்த மனுஷன் என்கிட்ட சொல்லவே இல்லை” என்றார்.

சரியாக நாலு மணிக்கு மாடி ஜன்னல் திறந்தது. மார்த்தாவின் கணவர் ஒரு பெரிய இறகு மெத்தையைத் தூக்கி வந்து விளிம்பில் போட்டார். தட்ட ஆரம்பித்தார். கையசைத்தால்தானே குற்றம்? மெத்தை தட்டுவதை யார் கேட்பார்கள்? காவல் கோபுரத்திலிருந்த சிப்பாய் பைனாகுலரைத் திருப்பிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவர் நிறுத்தவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார். சகோதரிகள் இருவரும் புல்லில் உட்கார்ந்து, சிரித்து, அழுது, மறுபடி சிரித்தார்களாம்.

பத்தாம் நாள் மார்த்தா பஸ் ஏறிவிட்டார்.

கார் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. இனிமேல் எப்போது பார்ப்பீர்கள் என்று வசந்தாதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

எல்ஸா அவளை ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன்? அடுத்த வருஷமும் அவளுக்கு அறுபதுக்கு மேல்தானே?”