பீலிக்ஸ் வைத்த ஒல்லாந்து நேர்த்தி

கையைப் பிடித்தது உண்மைதான். அதை யாரும் மறுக்கவில்லை. இத்தாலியின் பாலெர்மோ நகரத்தில், போரோ இத்தாலிக்கோ கடற்கரையில், ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், பீலிக்ஸ் ஒரு வெள்ளைக்காரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றதை எதிர்வீட்டுக் கிளறா பஸ்ஸுக்குள் இருந்து பார்த்திருக்கிறாள். பஸ் ஓடிக்கொண்டிருந்தது, கிளறா கண்ணாடி போட்டிருக்கவில்லை, என்றாலும் பார்த்ததைப் பார்த்ததாகவே வைத்துக்கொள்வோம். கையைப் பார்த்தவள் காலையும் பார்த்திருக்க வேண்டாமா? பீலிக்ஸின் காலில் சில்லுப் பூட்டிய சப்பாத்து இருந்தது. அந்தப் பெண் கையை விட்டிருந்தால் மனுசன் கடலுக்குள் கிடந்திருப்பார்.

அந்த வெள்ளைக்காரிக்கு அறுபது தாண்டிவிட்டது. மறைக்கே என்று பெயர். பீலிக்ஸ் பராமரிக்கிற ஒல்லாந்துக் கிழவருடைய தமக்கையின் மகள். அன்று முழுக்க அவள் பீலிக்ஸைத் திட்டிக்கொண்டே இருந்தாள். குனி, முழங்காலை மடக்கு, நிலத்தைப் பார்க்காதே, என்னைப் பிடித்து இழுக்காதே. அவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டு ஒருவர் பேசாமல் நிற்கிறார் என்றால் அது காதல் இல்லை என்று கலியாணம் முடித்த எவருக்கும் தெரியும். கிளறாவும் கலியாணம் முடித்தவள்தான். ஆனால் மூன்று மாதமாக ஒரேத்தோப் பக்கம் உள்ள தமிழ்ச் சனம் முழுக்க, பீலிக்ஸ் பெண்சாதி செலஸ்ரீனாவை விட்டுவிட்டு ஒல்லாந்துக்குப் போகப்போகிறார் என்றே கதைத்தது. போகப்போவது ஒல்லாந்துக்கும் இல்லை. விட்டுவிட்டும் இல்லை. நடந்தது வேறு.

பீலிக்ஸ் மன்னார்த் தீவில் பேசாலைக்காரர். குளிர் என்றால் அவருக்கு ஆகாது. ஒக்டோபர் பிறந்தால் காதை மூடித் தொப்பி போட்டுவிடுவார். இத்தாலிச் சனம் இன்னும் கடலில் குளித்துக்கொண்டிருக்கும். இவர் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பார். குளிர்பெட்டிக்குள் இருந்து பால் எடுக்க வேண்டுமென்றால் செலஸ்ரீனாவைத்தான் கூப்பிடுவார். இப்படிப்பட்ட மனுசனைக் கடவுள் கொண்டுபோய், ஐஸ் ஐஸ் என்று உயிரை விடுகிற ஒரு கிழவரிடம் வேலைக்குச் சேர்த்திருக்கிறார் என்றால், கடவுளுக்கும் பொழுது போகவேண்டும்தானே.

கிழவரின் பெயர் யெல்லே. பீலிக்ஸ் அவரை, ஐயா என்கிற மாதிரி, சிஞ்ஞோர் என்றுதான் சொல்லுவார். ஒரு காலத்தில் பாலெர்மோப் பெண்ணொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தவர், அவள் செத்த பிறகும் ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலைப் பார்த்த வீட்டிலேயே இருந்துவிட்டார். கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு சின்னச் சிலுவை கண்ணாடிக்குள் தொங்கியது. பீலிக்ஸ் தினமும் அதைத் துடைப்பார். துடைத்துவிட்டு, யாரும் பார்க்காத நேரம், உதட்டை வைத்து முத்தியும் செய்வார். ஒருநாள் கேட்டே விட்டார்.

"இது எந்தக் கோயில் சிலுவை, சிஞ்ஞோர்?"

"பதினொரு ஊர்ச் சிலுவை" என்றார் கிழவர். தன்னுடைய ஊர்ப் பக்கத்தில் பதினொரு பட்டினம் இருக்கிறதாம். குளிர் நன்றாக இறுகிய வருசத்தில் ஆயிரக்கணக்கான சனம் விடியமுன் வெளிக்கிட்டு, ஒரு நாளுக்குள் பதினொரு ஊரையும் சுற்றி வருமாம். காற்று முகத்தை வெட்டுமாம். புருவத்தில் பனி உறைந்து நிற்குமாம். விழுகிறவர்களை மற்றவர்கள் தூக்கிவிடுவார்களாம். வழிநெடுகச் சனம் நின்று பாட்டுப் படித்துச் சுடச்சுட சூப் கொடுக்குமாம். போய்ச் சேர்ந்தவனுக்கு இந்தச் சிலுவை. தான் இரண்டு முறை சேர்ந்தவர் என்று சொல்லும்போது கிழவருக்குக் கண் கலங்கியது.

பீலிக்ஸுக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. ஊரில் மடுமாதா கோயிலுக்குக் காடு கடந்து நடந்து போனவர் அவர். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற சனம், பாட்டு, விழுந்தவனைத் தூக்குகிற கை, கடைசியில் சிலுவை. இது யாத்திரை இல்லாமல் வேறென்ன?

"வெறும் காலோடையோ போறது?" என்று பக்தியாகக் கேட்டார்.

"இல்லை. காலில் இரும்பு கட்டிக்கொண்டு."

மேல்மாடிப் புஸ்பவதியின் மனுசன் ஊரில் முள்ளுமிதியடியில் நடந்து காவடி எடுத்த கதையைப் பீலிக்ஸ் கேட்டிருக்கிறார். இது அதையும் மிஞ்சிய தவம் என்று நினைத்துக்கொண்டார். ஐஸைப் பற்றியும் கிழவர் சொல்லத்தான் செய்தார். மடு வழியில் வெயில் மாதிரி, அங்கே ஐஸ் என்று இவர் விளங்கிக்கொண்டார்.

அடுத்த கார்த்திகையில் சிஞ்ஞோர் படியில் சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஐஸில் விழாத மனுசன் பளிங்குப் படியில் விழுந்தார். இனி எழும்பி நடப்பது சந்தேகம் என்று டொக்டர்மார் கையை விரித்தார்கள். பீலிக்ஸ் வேலை முடிந்து வீட்டுக்கு வரவில்லை. நேரே பெல்லெக்ரீனோ மலைக்குப் போய், எங்கள் சனம் எல்லாம் ஏறுகிற அந்தப் பாதையால் ஏறி, பாலெர்மோவின் காவல் புனிதை சந்தா ரொசாலியாவின் குகைக்குள் முழங்காலில் நின்றார். மெழுகுதிரி, பூ என்று சில்லறையாக ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா, இந்த மனுசனை எழுப்பி நடக்க வை. அவர் ஆசைப்படுகிற அந்த யாத்திரையை நான் செய்யிறன், காலிலை இரும்பு கட்டிக்கொண்டு" என்று நேர்ந்துவிட்டு இறங்கி வந்தார்.

உயிர்த்த ஞாயிறு வர முன்னம் சிஞ்ஞோர் தடி ஊன்றி நடந்தார். கடலோரம் வரைக்கும் போய் மீன் பொரிக்கிற கடையில் இருந்து சாப்பிட்டும் வந்தார். பீலிக்ஸ் அழுதார். அழுதுகொண்டே நேர்த்தியைச் சொன்னார். கிழவர் முதலில் விழித்தார். பிறகு சிரித்தார். டொக்டர்மார் வெட்டி இடுப்பில் வைத்த இரும்பு நோகும்வரை சிரித்தார். கடைசியில் கைபேசியை எடுத்து ஒரு படத்தை ஓடவிட்டுக் காட்டினார்.

பீலிக்ஸ் பார்த்தார். சனம் குனிந்துகொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உறைந்த வாய்க்காலுக்கு மேலே வழுக்கிக்கொண்டு பறந்தது. காலில் இரும்பு என்றது கத்தி மாதிரித் தகடு. ஒருவரும் செபமாலை பிடித்திருக்கவில்லை.

"இதிலை கோயில் எங்கை?"

"கோயில் இல்லை, பெலிச்சே." கிழவர் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

"சுவாமியார்?"

"அவரும் வேண்டுமென்றால் ஓடலாம்."

"பிறகு என்னத்துக்குப் போறாங்கள்?"

கிழவர் கைபேசியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். இதை அவரிடம் யாரும் முன்னம் கேட்கவில்லை போலும். "ஐஸ் இருப்பதால்" என்றார்.

அதைவிடப் பெரிய சங்கடம், இப்போது அந்த ஐஸும் இல்லை. வாய்க்கால் எல்லாம் ஒழுங்காக உறைந்து, சனம் பதினொரு ஊரையும் சுற்றிக் கனகாலம். ஆனாலும் அந்த நாட்டுச் சனம் மார்கழி பிறந்தால் தண்ணீரைத் தடியால் குத்திக் குத்திப் பார்க்கும். பெரிய படிப்புப் படித்தவர்களும் சப்பாத்துத் தகட்டைத் தீட்டி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்கள். பொறுக்க முடியாதவர்கள் ஆஸ்திரியாவில் மலைக்கு நடுவே உள்ள ஓர் ஏரிக்குப் போய், ஊருக்குப் பதிலாக அந்த ஏரியையே திரும்பத் திரும்பச் சுற்றுவார்கள். கிழவர் இதை வெட்கத்தோடுதான் சொன்னார். நேர்த்திக்கு இனி அந்த ஏரிதான் என்று பீலிக்ஸ் முடிவு செய்துவிட்டார்.

பீலிக்ஸ் வீட்டுக்கு வந்து செலஸ்ரீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அதுவரைக்கும் நேர்த்தி வைத்ததையே சொல்லாமல் இருந்தவர். அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அந்தக் காலத்திலை எங்கடை சனத்தைத் துரத்தி, மடுமாதாவைக் காட்டுக்குள்ளை ஓட வைச்சவங்கள் ஆர்?"

"ஒல்லாந்தர்."

"அவங்கடை விளையாட்டையோ நேர்ந்துபோட்டு வந்திருக்கிறியள்?"

"யாத்திரை எண்டு நினைச்சன்."

"தண்ணிக்கு மேலை நடக்கப்போன இராயப்பரே பாதியிலை அமிழப் பாத்தவர். அவரைப் பிடிக்க யேசுநாதர் நிண்டவர். உங்களைப் பிடிக்க ஆர் நிக்கிறது?"

"மறைக்கே வருவா."

அந்தப் பெயரை அந்த நேரத்தில் சொல்லியிருக்கத் தேவையில்லை. கத்தரிக்காய் பொடியாகிவிட்டது.

மறுநாள் செலஸ்ரீனாவே அவரைப் பங்குச் சுவாமியிடம் கூட்டிக்கொண்டு போனாள். சுவாமி நல்ல மனுசர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, நேர்த்தியை மாற்றிக் கொடுக்கலாம், அதற்குத் திருச்சபையில் வழி இருக்கிறது, வெறும் காலோடு பெல்லெக்ரீனோ மலை ஏறினால் போதும் என்றார்.

"மலை எல்லாரும் ஏறுறதுதானே, சுவாமி" என்றார் பீலிக்ஸ். "நீங்கள் மாத்துவியள். ஆனால் நான் உங்களிட்டை நேரேல்லை. சந்தா ரொசாலியா தன்ரை பங்கைச் செய்துபோட்டா. மனுசன் நடக்கிறார். இப்ப நான் போய் வேறை கதை கதைக்கிறதோ?"

சுவாமி செலஸ்ரீனாவின் பக்கம் திரும்பினார். அவளிடம் மறுமொழி இருந்தது. "இவர் செய்யாமல் விட்டால் அது என்ரை தலையிலையும் பிள்ளையளின்ரை தலையிலையும் விழும், சுவாமி. செய்யட்டும். ஆனால் என்னோடை கதைக்க வேண்டாம்."

உண்மையில் அவள் கதைக்காமல் இருந்தது அரை நாள்தான்.

இப்படித்தான் சில்லுச் சப்பாத்து வந்தது. பல்லரோவில் பழைய சாமான் குவித்து வைத்திருக்கிற இடத்தில் செலஸ்ரீனாவே தேடி எடுத்தாள். பாலெர்மோவில் ஐஸுக்கு எங்கே போவது? மீன்கடையில்தான் போகலாம். ஆகவே ஞாயிறு பூசை முடிய, மறைக்கே லீவில் வந்து நிற்கும் நாட்களில், போரோ இத்தாலிக்கோவில் பழக்கம் நடந்தது. சிஞ்ஞோர் கடலோர வாங்கிலில் உட்கார்ந்துகொண்டு தடியை நீட்டி நீட்டிக் கத்துவார். பீலிக்ஸ் விழுவார். எழும்பித் தொப்பியைச் சரி செய்வார். மறுபடி விழுவார். காதுத் தொப்பியோடு தமிழர் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து வருவதைப் பார்த்து, நாய் கூட்டி வருகிற இத்தாலிச் சிஞ்ஞோராப் பெண்கள் வழிவிட்டுச் சிலுவை போட்டார்கள். மற்ற நாட்களில் அவர் பஸ் தரிப்பிலும் முழங்காலை மடக்கியபடிதான் நின்றார். மீன்கடையில் வரிசையில் நிற்கும்போதும் அப்படித்தான். கிளறா பார்த்தது இவ்வளவில் ஒரே ஒரு நிமிசம்.

கதை ஊரில் பரவியபோது செலஸ்ரீனா ஒருவரிடமும் விளக்கம் சொல்லவில்லை. கிளறா மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு, "அண்ணை இப்ப நல்லா மெலிஞ்சிட்டார், என்ன?" என்று இழுத்தபோது, "ஓம், கிளறா. வெள்ளைக்காரி கை பிடிச்சால் மெலிவாங்களாம். உன்ரை மனுசனையும் விட்டுப் பார்" என்றாள். அதோடு அந்த மாடியில் கொஞ்சக் காலம் அமைதி.

மார்கழி வந்தது. இப்போது பீலிக்ஸுக்கும் அந்த நோய் தொற்றிவிட்டது. காலையில் வேலைக்குப் போனதும் தேத்தண்ணீர் வைக்க முன்னம், "எவ்வளவு?" என்று கேட்பார். கிழவர் ஏரிக்கரை விடுதிக்காரனிடம் கைபேசியில் கேட்டு வைத்த ஐஸின் தடிப்பைச் சொல்லுவார். போதாது. மறுநாளும் போதாது. அந்த வருசம் மலையிலும் குளிர் பிந்தியது. சிஞ்ஞோர் எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார், இன்னொரு வருசம் அவர் ஏரிக்கரைவரை வருவாரா என்று யாருக்கும் தெரியாது. அவர் பார்க்காமல் செய்தால் அது என்ன நேர்த்தி? குளிருக்குப் பயந்த பீலிக்ஸ் மலை ஏறிப் போய், "அம்மா, கொஞ்சம் குளிரைக் கொடு" என்று மன்றாடினார். ஏரிக்குப் போக வேண்டிய குளிர் வழிதவறிப் பாலெர்மோவுக்கு வந்தது. ஒரு கிழமை மழையும் காற்றும். ஒருவருடைய உடுப்பும் காயவில்லை. அதற்கும் கிளறா பீலிக்ஸைத்தான் குற்றம் சொன்னாள். அது மட்டும் உண்மையாக இருக்கலாம்.

பதினொரு ஊர் இல்லாத இடத்தில் நேர்த்தியை எப்படித் தீர்ப்பது என்ற வழக்கும் அந்த மழைக்குள்தான் தீர்ந்தது. பதினொரு சுற்று என்றார் பீலிக்ஸ். ஒரு சுற்றுக்கே உனக்கு ஒரு நாள் போகும், அது கால்பந்துத் திடல் இல்லை, பெரிய ஏரி என்றார் கிழவர்.

"போகட்டும். ஒரு நாளிலை முடிக்கிறன் எண்டு நான் ரொசாலியா அம்மாவிட்டைச் சொல்லேல்லை."

கிழவர் தன் பழைய ஐஸ் சப்பாத்தின் தகட்டைத் தீட்டத் தொடங்கினார். அவருக்கு அது இனித் தேவையில்லை. பீலிக்ஸின் காலுக்குத்தான் அளவாக இருந்தது.

தை மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏரி தாங்கும் என்று செய்தி வந்தது. மறைக்கே வாகனத்தோடு ஒரேத்தோ வீட்டுக்குக் கீழே வந்து நின்றாள். முன் இருக்கையில் சிஞ்ஞோர், சின்னப் பிள்ளை மாதிரி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். தெருவில் அத்தனை மாடியிலும் ஆட்கள். கிளறா இந்த முறை கண்ணாடி போட்டிருந்தாள். அவள்தான் முதலில் வந்து இடித்த சம்பல் போத்தல் ஒன்றைக் கொடுத்து, "அங்கை சாப்பாட்டிலை உறைப்பு இராது அண்ணை" என்றுவிட்டுப் போனாள். மன்னிப்பு என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. செலஸ்ரீனா அதைப் பையில் உறைப்பில்லாத சாமான்களுக்கு அடியில் வைத்தாள்.

வாசல்வரை வந்த பீலிக்ஸ் அங்கேயே நின்றார். கையில் சப்பாத்துப் பை. வெளிக்கிடவில்லை.

"என்னப்பா?"

"சில்லு வேறை, ஐஸ் வேறை" என்றார் மெதுவாக. "ஐஸிலை நான் இன்னும் காலே வைக்கேல்லை, செலஸ்ரீனா. அது உடைஞ்சால்?"

இத்தனை மாதத்தில் அவர் பயமென்று சொன்னது அதுதான் முதல் தரம். அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த பையைப் பறித்தாள்.

"அப்ப நில்லுங்கோ. சோறு குக்கரிலை கிடக்கு, பருப்பு இறக்கி வையுங்கோ. நான் போறன். நேர்த்தி வீட்டுக்குப் பொதுதானே."

சொன்னதோடு நிற்கவில்லை. கோட்டை எடுத்து ஒரு கையையும் நுழைத்துவிட்டாள். கீழே ஹோர்ன் மறுபடி அடித்தது. பீலிக்ஸ் அவளைப் பார்த்தார், கோட்டுக்குள் போன கையைப் பார்த்தார், இவள் விளையாட்டுக்குச் செய்கிறவள் இல்லை என்பது இருபத்தைந்து வருசமாக அவருக்குத் தெரியும். பையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"பருப்பு எனக்கு இறக்கத் தெரியாது" என்றார்.

"தெரியும்."

அவர் வாசலைத் தாண்டினார். செலஸ்ரீனா உடனேயே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டாள். திறந்து வைத்துக்கொண்டு கையசைத்தால் மனுசன் திரும்பி வந்துவிடுவார். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். வெளியே கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு படியில் அவருடைய காலடி கேட்டது, ஒவ்வொன்றாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே இறங்கிப் போனது.