வாப்பாவின் தட்டும் மாமாவின் தட்டும்

என் வாப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரே பாட்டுக்காரரைப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் வந்த தொல்லைக்கு அதுதான் காரணம். ஆளுக்கொருவரைப் பிடித்திருந்தால் அவரவர் பாட்டுக்குக் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது. வாப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல்பை தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். கீழே பட்டறை, மரப்படி ஏறினால் ஒற்றை அறையில் நாங்கள். மாமா என்பது உம்மாவின் காக்கா, அதாவது அண்ணன். அணு ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னீசியன். செம்பூரில் குடியிருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், தானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துச் செய்த ரெக்கார்டு பிளேயரைப் போர்வையில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேருவார். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே பல்பு. அதைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரிலிருந்துதான் கரண்ட் எடுக்க வேண்டும். அதனால் எங்களுக்குப் பாட்டு என்றாலே அரை இருட்டுதான்.

அந்தப் பாட்டுக்காரர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். தானே பாட்டுக் கட்டி, தானே பாடுவார். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், கொழும்புக்குப் போய்க் கடிதம் போடாதவர்கள், ஆட்டைத் தொலைத்துவிட்டுத் தர்காவில் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் அவர் பாட்டில் வருவார்கள். அவருடைய இசைத்தட்டுகள் இரண்டு வந்திருந்தன. முதல் தட்டில் அவர் குரலும் தாயிராவும் மட்டும்தான். தாயிரா என்பது பக்கீர்கள் கையில் வைத்து அடிக்கிற, தோல் கட்டிய வட்டக் கொட்டு. இரண்டு வருஷம் கழித்து வந்த இரண்டாவது தட்டில் தாயிரா கிடையாது. வயலின், ஆர்மோனியம், புல்லாங்குழல் எல்லாம் இருந்தன. இரண்டையுமே பத்திரிகைக்காரர்கள் புகழ்ந்துதான் எழுதினார்கள்.

முதல் தட்டை வாப்பா கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கடையில் வாங்கியிருந்தார். இரண்டாவதை வாங்கியவர் மாமா. சண்டைக்கு இது போதுமானதாக இருந்தது.

“தோலு பேசுது மச்சான், கேளுங்க,” என்பார் வாப்பா. நாள் முழுக்கத் தோலோடு கிடப்பவர், அந்தக் கொட்டுச் சத்தத்தை வைத்தே அது கிடாத் தோலா பெட்டைத் தோலா என்று சொல்லிவிடுவேன் என்பார். யாரும் போய் விசாரிக்கப் போவதில்லை என்ற தைரியம்.

“என்னத்தப் பேசுது? கெணத்துக்குள்ள உக்காந்து பாடுன மாதிரில்லா இருக்கு. ரெண்டாவதுல ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக் கேக்கு. இதுல்லா மச்சான் ரெக்கார்டிங்கு,” என்பார் மாமா.

இரண்டு தட்டுகளிலும் நன்றாக இருக்கும் இடங்களைப் பற்றி இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். உப்பளப் பாட்டில் குரல் உடைகிற இடத்தில் மாமாவும் கண்ணை மூடுவார். மழைப் பாட்டில் புல்லாங்குழல் நுழையும்போது வாப்பாவின் தலையும் ஆடும். ஆனால் எது உசத்தி என்று வந்துவிட்டால் இருவரும் எழுந்து நிற்பார்கள். ஒருமுறை உம்மா அடுப்படியிலிருந்து, “ரெண்டும் ஒரே ஆளு பாடுனதுதானே?” என்று கேட்டாள். கெட்ட வார்த்தை பேசிவிட்டவளைப் போல இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

இந்தச் சச்சரவில் லாபம் அடைந்தவள் நான். இருவரும் தட்டு மாற்றும்போது ஒருவரை ஒருவர் நம்பாததால், ஊசி வைக்கும் உரிமை எனக்கு வந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே தட்டில் பளபளவென்று ஒரு மெல்லிய கோடு தெரியும். அதில் நூல் பிசகாமல் ஊசியை இறக்கக் கற்றுக்கொண்டேன். சந்துப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டால், “சுப் பைட்டோ!” என்று நான் இந்தியில் ஒரு அதட்டல் போடுவேன். அடங்கிவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாப்பா கொஞ்சம் எல்லை மீறிவிட்டார்.

“கையில நாலு காசு வந்ததும் மனுசன் தோல விட்டுட்டு வயலினப் புடிச்சுட்டாரு. ரெண்டாவது தட்டு கல்யாண ஊட்டு பாண்டு செட்டு மச்சான். அது புடிச்ச காதுக்கு என்னத்தச் சொல்ல?”

மாமா எழுந்தார். பிளேயரைப் போர்வையில் சுற்றினார். தன் தட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். சாப்பிடாமலே படி இறங்கிப் போய்விட்டார். அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வாப்பா தட்டை உறையிலிருந்து எடுப்பார், துடைப்பார், திரும்ப வைப்பார். தட்டு இங்கே இருந்தது, பாட்டுப்பெட்டி செம்பூரில் இருந்தது. உம்மா யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு பம்பாயில் பிறந்த வீடு என்று இருந்தது அந்த ஒரு அண்ணன்தான்.

அந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. தோல் மண்டி வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பாட, அந்தப் பாட்டுக்காரரே பம்பாய்க்கு வந்திருக்கிறார்! வாப்பா ஓடிப்போய்ப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு வந்தார். வந்த பிறகுதான் அவருக்குப் பெட்டியின் ஞாபகம் வந்தது. மச்சானிடம் போய் நிற்க ரோஷம் இடம் தரவில்லை. உம்மா புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து, பஸ் ஏறி செம்பூருக்குப் போனாள்.

“காக்கா, பாட்டுக்காரவ நம்ம ஊட்டுக்கு வாராவ. எது நல்ல தட்டுன்னு அவுக வாயாலயே கேட்டுருங்க. அத்தோட இந்தச் சனியன் ஒழியட்டும்,” என்றாள்.

மாமா அப்போதே பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் குரலுக்கு நான் ஒரு உருவம் வைத்திருந்தேன். ஆறடி உயரம், நெஞ்சு வரை தாடி. வந்தவரோ ஒல்லியாக, டெரிலின் சட்டை போட்டு, குடையைக் கம்பு மாதிரி ஊன்றிக்கொண்டு படியேறினார். உம்மா நெய்ச்சோறும் கறியும் ஆக்கியிருந்தாள். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வாப்பாவும் மாமாவும் வாய்க்கு வந்தபடி புகழ்ந்தபோது, யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கை கழுவியதும் மாமா இரண்டு தட்டுகளையும் அவர் முன்னால் வைத்தார்.

“ரெண்டுல எது உங்க மனசுக்குப் புடிச்சதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

அவர் சங்கடமாகச் சிரித்தார். “ரெண்டையுமே நான் கேட்டதில்லயே. எங்க ஊட்டுல கரண்டே கெடையாது. கம்பெனிக்காரங்க தந்த தட்ட சொவத்துல ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்கா எம் பொஞ்சாதி.”

வாப்பாவும் மாமாவும் பல நாளைக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாமா பல்பைக் கழற்றினார். நான் முதல் தட்டில் ஊசியை வைத்தேன்.

பாட்டுக்காரர் குனிந்து உட்கார்ந்திருந்தார். தன் குரலை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. அவருடைய விரல்கள் தாயிரா அடியைத் தொடையில் தட்டிக்கொண்டு போயின. வாப்பா வெற்றி கிடைத்துவிட்ட முகத்தோடு மாமாவைப் பார்த்தார்.

“தாயிரா அடிச்சது நீங்கதானே?” என்று பாட்டுக்காரரைக் கேட்டார் வாப்பா.

“இல்ல. எந்தம்பி. நான் பாடுனா அவன்தான் அடிப்பான். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். இந்தத் தட்டு கடைக்கு வாரதுக்குள்ள காய்ச்சல்ல மவுத்தாயிட்டான். அடுத்த தட்டுக்கு வேற ஆள வச்சு அடிக்கலாம்னு கம்பெனியில சொன்னாங்க. எனக்கு ஒப்பல. வயலினோ என்னமோ வச்சுக்கிடுங்க, தாயிரா மட்டும் வேண்டாம்னுட்டேன்.”

வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமா பெட்டியின் ஒரு திருகை வீணாகத் திருகிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிந்தது. முடிந்து, கொட்டு நின்று, ஊசியின் இரைச்சல் தொடங்கும் முன் யாரோ மெதுவாக, “சரியா காக்கா?” என்று கேட்கும் குரல் அந்தத் தட்டில் உண்டு. ரெக்கார்டு செய்தவர்கள் வெட்டாமல் விட்டுவிட்ட பிழை என்று மாமா எப்போதும் குறை சொல்வார். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஊசியைத் தூக்கப் போனேன்.

பாட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மவளே, அதத் திருப்பி வையி.”

நான் பாட்டின் தொடக்கத்தில் வைத்தேன்.

“பாட்டு வேண்டாம். கடைசியில.”

கடைசியில் வைப்பது கஷ்டமான வேலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். இரண்டு அடி அடித்துக் கொட்டு நின்றது. “சரியா காக்கா?” பிறகு இரைச்சல்.

“இன்னொருக்க.”

வைத்தேன். மறுபடியும் கேட்டார். வைத்தேன். நான்காவது தடவை எனக்கு அலுத்துவிட்டது. இவ்வளவு நல்ல பாட்டை விட்டுவிட்டு இது என்ன கூத்து என்று தோன்றியது. வீட்டுக்கு வந்த விருந்தாளி என்பதால் அவரையும் மாமா என்றே மரியாதையாகச் சொன்னேன்:

“பாட்டு முடிஞ்சுட்டு மாமா. இதுல ஒண்ணும் இல்ல.”

“ஆமா மவளே, ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு தடவ வையி.”

வைத்தேன். “சரியா காக்கா?” என்றது தட்டு.

“சரிதாம்ல,” என்றார் அவர், மெதுவாக.

போதும் என்று சொல்கிறார் என நினைத்து நான் ஊசியைத் தூக்கிவிட்டேன். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, குடையைத் தேடினார். இரண்டாவது தட்டை யாரும் எடுக்கவில்லை. எது உசத்தி என்று யாரும் கேட்கவும் இல்லை.

வாப்பாவும் மாமாவும் தெருமுனை வரை கூடவே போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தார்கள். மாமா கிளம்பும்போது போர்வையை எடுத்தார். பெட்டியை எடுக்கவில்லை. “இங்கயே கெடக்கட்டும் மச்சான்,” என்றார். “உங்க தட்டையும் வச்சுட்டுப் போங்க,” என்றார் வாப்பா. அவரே மாமாவை பஸ் ஸ்டாப்புக்கும் கூட்டிப்போனார்.

எனக்கு மட்டும் மனக்குறை தீரவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் ‘ல’ போடுவது ஆண்பிள்ளைகளுக்கு. பெண்பிள்ளை என்றால் ‘ளா’. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டி, அத்தனை தடவை பிசகாமல் ஊசி வைத்தவளை அவர் எப்படி அப்படிச் சொல்லலாம்? பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன்.

“உம்மா, அந்தப் பாட்டுக்காரவ என்னயப் பாத்து ‘சரிதாம்ல’ங்காவ. நான் பொம்பளப்புள்ளன்னு அவுகளுக்குத் தெரியாதா?”

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று நினைத்து, எனக்கு இன்னும் கோபம் வந்தது.