அண்ணி எழுதிய லினக்ஸ் தேர்வு

உள்ளறைக் கதவுக்கு வெளியே நீல பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்த காலைப்பொழுதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே அண்ணி தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். இண்டூரில் எங்கள் வீடு பென்னாகரம் சாலையை ஒட்டியே இருக்கிறது. ஒகேனக்கல் போகும் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு கடக்கும்போதெல்லாம், அதைக்கூடத் தன்னால் நிறுத்திவிட முடியும் என்பதுபோல அம்மா சாலைப் பக்கம் முறைத்துப் பார்த்தார். தக்காளி பறிக்க ஆள் கேட்டு வந்த பக்கத்துத் தோட்டத்து அக்காவை வாசலிலேயே மறித்து, "சத்தம் போடாத, உள்ள பரிச்சை நடக்குது" என்று கிசுகிசுத்து அனுப்பினார். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து, பகல் நேரத்தில் அண்ணி ஓர் அறைக்குள் தனியாக இருந்து கதவைச் சாத்திக்கொண்டது அன்றுதான் முதல் முறை.

அண்ணி கல்யாணத்துக்கு முன்பு ஓசூரில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். மகள் பிறந்ததும் வேலையை விட்டார். அவள் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகு திரும்ப வேலைக்குப் போக முயன்றார். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைகள் நிறைய வந்துவிட்ட காலம் அது. ஆனால் விண்ணப்பித்த இடங்களிலெல்லாம் இடையில் விட்டுப்போன எட்டு வருஷத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். கேட்டுவிட்டு மறுபடி கூப்பிடவில்லை. அதே சமயத்தில் நான் பெங்களூரில் ஓர் அலுவலகத்தில், பிரிண்டர் ஓடவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கூப்பிடுபவர்களின் மேசைக்கு ஓடும் வேலையில் இருந்தேன். லினக்ஸில் ஏதாவது ஒரு சான்றிதழ் வாங்கினால் சர்வர் பிரிவுக்கு மாற்றுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். ஆகவே எந்தச் சான்றிதழுக்குப் படிப்பது என்று நானும் அண்ணியும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசிக்கொள்வது வழக்கமாயிற்று.

ஒரு தேர்வு, கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் வகை. எல்லா வகை லினக்ஸுக்கும் பொதுவானது. பழைய கேள்விகளைத் திரும்பத் திரும்பப் படித்தால் தேறிவிடலாம். இன்னொன்றில் கேள்வியே கிடையாது. ஒரு கணினியைக் கையில் கொடுத்து, டிஸ்க்கைப் பிரி, பயனர்களைச் சேர், மறந்துபோன பாஸ்வேர்டை மாற்று என்று வேலைகளைச் சொல்லிவிடுவார்கள். முடித்ததும் அதை நிறுத்தி மறுபடி எழுப்புவார்கள். எழுந்த பிறகு எது நிலைத்து நிற்கிறதோ அதற்குத்தான் மதிப்பெண். நான் முதலாவதைத் தேர்ந்துகொண்டேன். என் மேலாளருக்கு ஒரு சான்றிதழ் போதும், எனக்கும் சீக்கிரம் வேண்டியிருந்தது. அண்ணி எந்தப் புத்தகத்தையும் திறக்கும் முன்பு, ஒரு மாதத்துக்கு மேல் வேலை விளம்பரங்களை மட்டும் படித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் சொன்னார்: "நான் கஷ்டமானதையே எழுதறேன் தம்பி. உங்களுக்கு வேலைல இருக்கறதே ஒரு சாட்சி. எனக்கு அது இல்லீங்களே. படிச்சிருக்கேன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. செஞ்சு காட்டிட்டேன்னு சொல்லணும்."

மகள் பள்ளிக்குப் போன பிறகு, அடுப்படி வேலை முடிந்த பிறகு, கூடத்து மேசையில் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு பழகினார். அந்த லேப்டாப்புக்குள்ளேயே போலியாக ஒரு கணினியை உருவாக்கி, அதை வேண்டுமென்றே கெடுப்பார். அப்புறம் சரிசெய்வார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடுவதை அம்மா ராகி புடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஊருக்கு வந்திருந்த ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்: "நல்லா இருக்கறத எதுக்கும்மா நீயே கெடுத்துட்டு, நீயே சரி பண்ணிட்டு ஒக்காந்திருக்க?" அண்ணி சிரித்துவிட்டார். "தானா கெடும்போது கை நடுங்கக் கூடாதுல்லீங்க அத்தை, அதுக்குத்தான்" என்றார். அம்மாவுக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம் என்றாலும் விதிமுறைகள் கடுமையானவை. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. சுவரில் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது. எங்கோ ஒரு நாட்டிலிருந்து மேற்பார்வையாளர் கேமரா வழியாகக் கட்டிலுக்கு அடியில்கூடக் காட்டச் சொல்வார். இன்டர்நெட்டைச் சரிபார்க்கவும், கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கைகொடுக்குமா என்று பார்க்கவும் நான் முந்தின நாளே வந்துவிட்டேன். பால் கணக்கு எழுதிய தேதிக் காலண்டரை அம்மாவே கழற்றினார். நான் அதற்குள் என் தேர்வில் தேறியிருந்தேன், வீட்டில் எனக்குக் கேசரி செய்து போட்டிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்திலேயே அண்ணியும் தேறிவிடுவார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

கதவு திறந்தபோது அண்ணியின் முகம் அமைதியாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்து, "எந்திரிக்கல தம்பி" என்றார். அம்மா பதறி எழுந்து, "யாரு? யாரு எந்திரிக்கல?" என்று கேட்டார். "மிசினுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு அண்ணி நேராகப் பின்கட்டுக்குப் போய், ஊறவைத்திருந்த துணிகளைத் துவைக்க உட்கார்ந்தார். வேலைகளையெல்லாம் முடித்திருந்தார். கணினி எழும்போது எந்த டிஸ்க்கை எங்கே சேர்க்க வேண்டும் என்று சொல்லும் பைலில் ஒரு வரி பிழையாகிவிட்டது. கடைசி நேரத்தில் நிறுத்தி எழுப்பினார், அது எழவில்லை. எழாத கணினியில் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. துணி துவைக்கும் சத்தம் வழக்கத்தைவிட வெகுநேரம் கேட்டது.

சாப்பிடும்போது அண்ணன், "தம்பி எழுதுனதையே நீயும் எழுதிக்கோ. ஒரு சர்ட்டிபிகேட்டுனா சர்ட்டிபிகேட்டுதானே" என்றார். நானும் அதையே சொன்னேன். கனிவாகத்தான் சொன்னோம். அண்ணி எங்கள் தட்டுகளில் ரசம் ஊற்றினார். அடுத்த சில வாரங்கள் கூடத்து மேசையில் லேப்டாப் இல்லை என்று அண்ணன் போனில் சொன்னார். இத்தோடு விட்டுவிடுவார் போலிருக்கிறது என்றுதான் இருவரும் பேசிக்கொண்டோம்.

அதை மாற்றியவர் அம்மா. ஒரு மத்தியானம் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது, அண்ணியிடம் தலையை நிமிர்த்தாமலே கேட்டாராம்: "மறுபடியும் எப்ப கதவு சாத்தணும்? முன்னாடியே சொல்லு. அன்னைக்கு நான் தோட்டத்துக்குப் போகாம இருந்துக்கறேன்." அண்ணியே இதை என்னிடம் போனில் சொன்னார். அப்போதுதான் இன்னொன்றும் சொன்னார். லேப்டாப்பை அவர் மூடி வைக்கவில்லை, மொட்டைமாடிக்குக் கொண்டுபோயிருந்தார். அந்தப் பிழையான வரியை அதேபோல எழுதி, எழாமல் நிற்கும் கணினிக்குள் மீட்பு முறையில் நுழைந்து, அந்த வரியைத் திருத்தி எழுப்ப, யார் கண்ணிலும் படாமல் பழகிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் முறை நான் ஊரில் இல்லை. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். தேறிவிட்ட செய்தி மின்னஞ்சலில் வந்தபோது அண்ணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அடுத்து வந்த நேர்காணலில் வழக்கம்போல எட்டு வருஷத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, முதல் முறை தேறினீர்களா என்றும் கேட்டார்கள். இல்லை என்றார். ஒரு வரியில் தவறு செய்தேன், கணினி எழவில்லை, அதை எப்படி எழுப்புவது என்று இப்போது தெரியும் என்றார். எப்படி என்று கேட்டார்கள். திரையைப் பகிர்ந்து செய்து காட்டினார். வேலை கிடைத்தது.

இப்போது நான் சர்வர் பிரிவில் இருக்கிறேன். என் சான்றிதழ் எனக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டது, அதில் குறையில்லை. அதற்கு மேல் போக, அண்ணி எழுதிய தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் இண்டூருக்குத்தான் போன் போடுகிறேன். வேலை நேரமாக இருந்தால், "அப்புறம் கூப்புடறேங்க தம்பி" என்று வைத்துவிடுவார்.

சென்ற மார்கழிக் கடைசியில் அண்ணியை ஒருநாள் அவருடைய கம்பெனியின் பெங்களூர் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மருமகள் பார்த்துக்கொள்ளும் மிசினைத் தானும் பார்க்க வேண்டும் என்று அம்மாவும் கிளம்பிவிட்டார். வரவேற்பறையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். மிசின் அங்கே இல்லை, கடல் தாண்டி இருக்கிறது என்று அண்ணி சொன்னபோது அம்மாவுக்கு ஏமாற்றம். பொங்கல் விடுமுறைக்கு நானும் அவர்களோடு ஊருக்குத் திரும்பினேன். பேருந்து கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் அம்மா அண்ணியிடம் கேட்டார்.

"அவ்ளோ தூரத்துல இருக்கறத நம்ம வூட்ல இருந்தே எழுப்பிடுவியா நீ?"

"ஆமாங்க அத்தை."

"எந்திரிக்கலன்னா?"

"எந்திரிக்கற வரைக்கும் கூட உக்காந்திருக்கணுங்க."

அம்மா கொஞ்ச நேரம் வெளியே மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். காவேரிப்பட்டினம் வருவதற்குள் அண்ணியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அம்மா விழித்துவிடக் கூடாதென்று அண்ணி, மடியில் அதிர்ந்த போனை மெதுவாக எடுத்து என்னிடம் நீட்டினார். "ஆபீசுங்க. அரை மணி நேரத்துல நான் பேசறேன்னு சொல்லிடுங்க தம்பி" என்றார்.