கடல் தண்ணீர் ஊற்றியவர்

நாய்க்குட்டிக்கு இரண்டாவது ஊசி போட, தூத்துக்குடியில் கால்நடை மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு மீனவர் நின்றார். கழுத்தில் செபமாலை, கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டியிருந்தார். குட்டி திமிறியதால் கீழே இறக்கப் போனேன்.

“தரையில விடாதிய அண்ணாச்சி!”

அவர் போட்ட சத்தத்தில் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

“பார்வோ சீக்கு வந்த குட்டியெல்லாம் இங்கனதான் கழிஞ்சிருக்கும். எங்க வீட்டுல ஒண்ணு ரத்தமாக் கழிஞ்சே செத்துச்சு. கடல் தண்ணியக் கோரியாந்து முற்றம் பூரா கழுவுனேன். கருவாட்டையே கெடாம வைக்கிற உப்பு, கிருமிய விட்டுவைக்குமான்னு நெனச்சேன். அத நம்பி, ஊசி போடாமலே அடுத்த குட்டிய அங்கன விட்டுட்டேன்.”

“அது எங்கே?”

“உள்ள குளுக்கோஸ் ஏறுது. பிளீச்சிங் பவுடர் போட்டுருக்கணுமாம். டாக்டர் இப்பச் சொல்லுதாரு.”

என் குட்டி அவரைப் பார்த்து வாலாட்டியது. அவருடைய வலது கை தானாக முன்னால் வந்தது. பாதியில் நின்று, மறுபடியும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

“இந்தக் கையாலதான் அதத் தூக்கியாந்தேன்” என்றார்.

அவருடைய குட்டி பிழைத்ததா, தெரியாது. என்னுடையது வளர்ந்துவிட்டது. அவர் தொடாமல் விட்ட அந்தத் தலையைத் தடவும்போதெல்லாம், என் கை ஒரு கணம் பாதியில் நிற்கிறது.